நோய் பிடிக்காத வரிசை

மதினியின் திராட்சைத் தோட்டத்தில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டாம் என்று கேட்டவள் நான்தான். மற்ற வரிசைகளுக்கு வழக்கம்போல அடிக்கட்டும், இந்த ஒன்றை அப்படியே விட்டுவிடட்டும், மழைக்காலத்தில் அதற்கு நோய் வரும், நோய் வந்த இலையைப் பறித்துக்கொண்டு போய் ஆராய்ச்சி செய்வேன். இவ்வளவுதான் என் திட்டம். இரண்டு வருடம் ஆகியும் அந்த வரிசைக்கு நோய் வரவில்லை. நான் குழம்ப ஆரம்பித்தது அங்கேதான். இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆகவே தோட்டம் மதினியின் பொறுப்பு. கோம்பைக்குப் போகிற பாதையில் ஒன்றரை ஏக்கர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், அதன்மேல் பன்னீர் திராட்சை. எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து நடக்கும். வருடம் முழுக்க எங்காவது ஒரு குலை பழுத்துக்கொண்டிருக்கும். இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்களுக்குச் செவட்டை நோயைத் தெரியாது. கவாத்து முடிந்து தளிர் விட்ட நேரத்தில் நாலு நாள் விடாமல் தூறினால் போதும், இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் படரும். மேலே மஞ்சளாகும், செவக்கும், கருகும். பிஞ்சுக் குலையும் சேர்ந்து போகும்.

நான் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செடிகளின் கைனேஸ்களைப் படிக்கிறேன். கைனேஸ் என்பது ஒருவகைப் புரதம். அதற்குத் தெரிந்தது ஒரே வேலைதான்: இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கை ஒட்டிவிடும். துணுக்கு ஒட்டிய புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததன் மேல் ஒட்டும். பூசணம் இலையில் கால் வைத்த சில நிமிடத்துக்குள் இப்படி ஒன்று மாற்றி ஒன்றை எழுப்பி, சேதி செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவரை போய்விடும். அதன்பிறகுதான் செடி எதிர்த்து நிற்க ஆயத்தம் செய்யும். இலையை அரைத்துப் புரதத்தைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி, அதற்கான ரசாயனங்களை விட்டுப் பார்த்தால், விழித்திருக்கும் கைனேஸ் கறுப்புக் கோடாகத் தெரியும். தூங்கினால் கோடு இருக்காது. என் வாழ்க்கையின் நாலு வருடம் அந்தக் கோடு வருகிறதா, வரவில்லையா என்பதில் போயிருக்கிறது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். இல்லை. ஏனென்றால் நான் பார்க்கிற கைனேஸ் நோய்க்கு மட்டும் விழிப்பதில்லை. தண்ணீர் இல்லாவிட்டாலும் விழிக்கும், குளிர்ந்தாலும் விழிக்கும், இலையைக் கிழித்தாலும் விழிக்கும், வளர்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் தெருவில் ஒரு அத்தை இருந்தார். சாவு விழுந்தாலும் அவர்தான் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார், சடங்கு வீட்டுக்கு அழைக்கவும் அவர்தான், ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டது என்று சொல்லவும் அவர்தான். கதவு தட்டும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாவா சீனியா என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது? என் கறுப்புக் கோடும் அப்படித்தான்.

மதினியிடம் அந்த வரிசையைக் கேட்ட அன்று எனக்கு அவசரம். கார் காத்துக்கொண்டிருந்தது. மேற்கு ஓரமாகத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஆறு கொடிகள் நின்ற குட்டை வரிசையைக் காட்டினேன்.

"இதுக்கு மட்டும் மருந்து வேண்டாம் மதினி."

"அடிக்காட்டி வீணாப் போயிருமேத்தா."

"போனாப் போகட்டும். இந்த வரிசையை வச்சுத்தான் எனக்குப் பட்டமே."

மதினி கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பட்டமா?" என்றார். "சரித்தா. ஒன் வரிசைய நான் பாத்துக்கிறேன். நீ நிம்மதியாப் போயிட்டு வா."

நானும் நிம்மதியாகத்தான் போனேன். படித்தவளுக்கு எப்போதும் ஒரு எண்ணம், தான் சொன்னது எதிராளிக்கு அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

அந்த மழைக்குப் பள்ளத்தாக்கு முழுக்கச் செவட்டை. மருந்து அடித்த தோட்டங்களிலேயே அங்கங்கே இலை செவந்து கிடந்தது. நான் இலையை உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கேனை வாடகைக் காரில் வைத்துக்கொண்டு, நோயிலையைப் பறிக்கும் ஆசையோடு வந்து சேர்ந்தேன். என் வரிசை பச்சைப் பசேலென்று நின்றது. கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டிய அளவுக்குத் தளிர் தொங்கியது. அடிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுப் பூசணம் இல்லை.

"மருந்து அடிக்கலையே மதினி?"

"ஒன் வரிசைக்குள்ள ஒருத்தரையும் விடல. ஒங்க அண்ணன் எட்டிப் பாக்க வந்தாக, அவுகளையே வெரட்டி விட்டுட்டேன்."

இலைகளைப் பறித்தேன். இலையைக் கத்தரித்தாலே அந்தக் கைனேஸ் விழித்துவிடும் என்பதால் வெட்டிய நொடியே நைட்ரஜனுக்குள் போட்டுவிடுவது முறை. அதில் நான் மகா கெட்டிக்காரி. ஒரு வினாடி பிசகமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து அடித்த பக்கத்து வரிசையிலிருந்தும் பறித்தேன். மதுரைக்குக் கொண்டுபோய் அரைத்துப் பார்த்தால், பக்கத்து வரிசையில் கோடே இல்லை. என் வரிசையில் ஆறு கொடிக்கும் ஆறு கறுப்புக் கோடு. மை வைத்துக் கிழித்தது போல.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "ஏம்மா," என்றார், "நோயே வரலை. ஆனா முழிச்சிட்டு இருக்கு. வர்றதுக்கு முன்னாடியே முழிச்சிருக்கிற கொடி. இது கெடைச்சா நீ எங்கயோ போயிடுவே." அன்று அவரே டீ வாங்கிக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் அது பெரிய நிகழ்ச்சி.

என் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எப்போதும் விழித்திருக்கும் செடி வளராது. இது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே உண்டு. எதிர்ப்புக்கும் வளர்ச்சிக்கும் செடியிடம் இருப்பது ஒரே கையிருப்பு, சில இடங்களில் ஒரே புரதங்களே இரண்டு பக்கமும் வேலை பார்க்கும். அவை நாள் முழுக்க எதிர்ப்புக்காக நின்றால் செடி குட்டையாகிவிடும், இலை சுருண்டுவிடும். அப்படிப்பட்ட செடிகளை நானே தொட்டிகளில் வளர்த்திருக்கிறேன், பார்க்கப் பாவமாக இருக்கும். மதினியின் வரிசையோ மற்ற வரிசைகளைவிடச் செழிப்பாக இருந்தது. கோடு ஒன்று சொல்கிறது, கொடி வேறொன்று சொல்கிறது. இரண்டில் எது பொய் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளாமையிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். ஐந்து தடவை பறித்தேன், ஐந்து தடவையும் என் வரிசை கறுப்பு, பக்கத்து வரிசை வெளுப்பு. ஒரு தடவை கோடு வந்து ஒரு தடவை வராமல் போனால் என் கைத்தவறு என்று சொல்லியிருக்கலாம். இது அசையவே இல்லை.

அந்தக் கொடியில் குச்சி வெட்டிக்கொண்டு வந்து மதுரையில் கண்ணாடிக் கொட்டகையில் பதியம் போட்டேன். துளிர்த்ததும் பூசணத்தைத் தெளித்துவிட்டேன். ஒரே வாரத்தில் அத்தனையும் செவட்டை பிடித்துத் தொங்கின. தாய்க்கொடிக்கு வராத நோய் பிள்ளைக்கு எப்படி வரும்? பூசணம் தெளிக்கும் முன் பறித்த இலைகளில் கோடும் இல்லை. அரைத்து அரைத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"மண்ணுல இருக்கும்மா," என்றார் சார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேர் வழியாகச் செடியை எழுப்பிவிடுவது உண்டுதான். மதினியிடம் சொல்லி ரெண்டு சாக்கு மண் எடுத்தேன். "மண்ணையுமா படிக்கிறாக?" என்று மதினி கேட்டார். அந்த மண்ணில் வைத்த குச்சியும் செத்தது. தண்ணீராக இருக்கும் என்று தொட்டித் தண்ணீரைக் கேனில் பிடித்துப்போனேன். அதற்கும் பலனில்லை. மலைக்காற்று, சாயங்கால நிழல், தொட்டியின் ஈரம் என்று ஒவ்வொன்றாக எழுதி எழுதி அடித்தேன். என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு, அதில் பதினாலு காரணங்கள், பதினாலுக்கும் குறுக்கே கோடு. ராசிக்காரத் தோட்டம் என்று பதினைந்தாவதாக எழுதப்போய் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரிசையில் உயரத்தில் இருந்த சில இலைகளில் நீலப் பொட்டுகள் இருந்தன. மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற மருந்தின் கறை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பக்கத்து வரிசைச் சாரல்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். நான் பறிக்கிற தளிர்களில் கறை இல்லையே, பிறகென்ன? அடுத்த தடவை பறிக்க வேண்டிய கிளைகளுக்கு முன்கூட்டியே மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போவது முதல் நாளிலிருந்தே என் வழக்கம். நாடா கட்டிய இடமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கழுவிவிட்ட மாதிரி என்று நானே எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

இதற்குள் என் ஆய்வில் மூன்றாம் வருடம் முடிந்து நாலாவது ஓடியது. உதவித்தொகை நிற்கப்போகிறது, ஆய்வேட்டை எழுதத் தொடங்க வேண்டும். வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மதினி, "எங்க வீட்டு டாக்டரு" என்று என்னைக் காட்டுவார். பட்டம் வராமல் திரும்பி வந்தால் அந்த வீட்டில் எங்கே போய் நிற்பேன்? ஆய்வேட்டின் மொத்தக் கனமும் அந்த ஆறு கொடிகளின் மேல் இருந்தது. எனக்கோ அவை ஏன் அப்படி நிற்கின்றன என்று ஒரு வரிகூட எழுதத் தெரியவில்லை.

ஆறாவது தடவை போனபோது என் போனை ஆய்வுக்கூட மேசையிலேயே மறந்து வைத்துவிட்டேன். எப்போதும் சின்னமனூர் தாண்டியதும், "வந்துக்கிட்டிருக்கேன் மதினி" என்று சொல்லிவிடுவேன். வீட்டில் இட்லியும் டீயும் தயாராக இருக்கும். "நீ சாப்புட்டுட்டு மெதுவா வா, நான் போயி மோட்டாரப் போட்டுட்டு நிக்கேன்" என்று மதினி முன்னால் போய்விடுவார். அன்று போன் இல்லை, எனக்குப் பசியும் இல்லை. காரை நேராகத் தோட்டத்துக்கு விடச் சொன்னேன்.

மதினிக்குத் தேதி தெரியும், மணிதான் தெரியாது. பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தார். காலடியில் ஒரு சின்ன வாளி. கையில் அண்ணனின் பழைய வேட்டித் துணி. நான் மஞ்சள் நாடா கட்டிய தளிரைப் பிடித்து, ஒவ்வொரு இலையாக, மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை, அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். செம்புக் குடத்தைத் துலக்குகிற அதே முனைப்பு. வாளியில் புளித்தண்ணீர். தாமிரக் கறை அதற்குத்தானே போகும்.

நான் கேனைக் கீழே வைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிய மதினி ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார்.

"என்ன மதினி செய்றீங்க?"

"ஒண்ணுமில்லத்தா. தூசி."

"மருந்து அடிச்சீங்களா?"

மதினி துணியை வாளிக்குள் போட்டார். பிறகு எடுத்துப் பிழிந்தார். திரும்பவும் போட்டார்.

"எத்தனை தடவை?"

"மத்ததுக்கு அடிக்கும்போதெல்லாம் அடிச்சேன்." இறங்கி வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் குற்றம் செய்த பாவமே இல்லை, கோபம்தான் இருந்தது. "பட்டத்துக்குன்னு சொல்லிப்புட்டு, சீக்கு எலையவா குடுத்துவிடச் சொல்ற? அங்கன பாக்குறவுக என்ன நெனப்பாக? இவ வீட்டுத் தோட்டமே வெளங்கல, இவ என்னத்தப் படிச்சான்னு கேக்க மாட்டாகளா?"

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னேனே மதினி!"

"நீ ஏன் சொன்னன்னு எனக்குத் தெரியாதாக்கும்? எக்ஸ்போர்ட்டுக்குப் பழம் எடுக்க வாரவுக மருந்து இருக்கான்னு மெசின்ல வச்சுப் பாப்பாகல்ல? ஒன் மெசினுக்கும் ஆகாதுன்னுதான? அதான் நீ நாடா கட்டுன எலையெல்லாம் வர்ற அன்னைக்குத் தொடச்சு வச்சிருவேன். ஒரு பொட்டு இருக்காது. பக்கத்து வரிசைய நான் தொடல, அதுக்கு மருந்து அடிக்கிறது ஒனக்குத் தெரியும்ல."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் நோய் வரவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது: மருந்து. ஏன் கறுப்புக் கோடு என்பதற்கும் கிடைத்துவிட்டது: இலையைத் தொட்டுத் தேய்த்தாலே விழித்துவிடும் கைனேஸ் அது. நான் இட்லி சாப்பிடுகிற நேரத்தில் மதினி தேய்த்துவிடுவார், நான் வந்து பறிப்பேன். என் கத்தரிக்கோல் எழுப்பிவிடக் கூடாது என்று வினாடி வினாடியாகப் பார்த்தவளுக்கு, கால் மணி நேரம் முன்னால் ஒரு வேட்டித் துணி அத்தனையையும் தட்டி எழுப்பியிருந்தது தெரியவில்லை. கொடி நன்றாக வளர்ந்ததிலும் அதிசயம் இல்லை. மாதக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு, நான் வருகிற அன்று காலையில் மட்டும் விழித்த கொடி அது. குச்சி ஏன் செத்தது என்பதும் புரிந்தது. மதுரையில் அதற்கு மருந்து அடிக்க மதினி இல்லை.

எல்லாம் புரிந்த பிறகு குழப்பம் தீர வேண்டும். எனக்கு அதிகமாகிவிட்டது. கோபப்படுவதா? யார் மேல்? சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மதினி பயந்துபோய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். புளித்தண்ணீர்க் கையாலேயே என் முதுகைத் தடவினார்.

"தப்புப் பண்ணிப்புட்டனாத்தா?"

இல்லை என்று சொன்னால் பொய். "இட்லி இருக்கா மதினி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

மதுரைக்குத் திரும்பியதும் தொட்டியில் இருந்த கொடியின் இலையை ஈரத்துணியால் தேய்த்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பறித்து அரைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடு. மை வைத்துக் கிழித்தது போல. புளியெல்லாம்கூடத் தேவைப்படவில்லை.

சாரிடம் சொல்லாமல் இருக்கலாமே என்று ரெண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து தடவையும் ஒரே மாதிரி வந்த முடிவு. எழுதி அனுப்பினால் யாரும் கோம்பைப் பாதையில் வந்து வேட்டித் துணியைத் தேடப்போவதில்லை. ஆனால் வேறு எவனாவது, எங்காவது, அந்த முடிவை நம்பி ஒரு தோட்டத்துக்கு மருந்தை நிறுத்துவான். அவன் வீட்டில் மதினி இருக்கமாட்டார். மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு வருஷமாம்மா?"

"ரெண்டு வருஷம் சார்."

"ஒவ்வொரு தடவையுமா தொடச்சாங்க?"

"ஒரு தடவைகூட விடலை சார்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கை முகத்தை மறைத்திருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு மழைக்காலம் இருக்கு. அதுக்குள்ள நெஜமாவே நோய் வந்த எலை வேணும். வர்றதுக்கு முன்னாடி, வந்த அன்னைக்கு, வந்து ரெண்டு வாரம் வரைக்கும். இல்லேன்னா ஆய்வேடு இல்லை" என்றார்.

அந்த ஒரு மழைக்காக மறுபடியும் மதினியிடம் போய் நின்றேன். வேறு தோட்டத்தைக் கேட்கலாம்தான், யார் கொடுப்பார்கள்? யார் தன் கொடியை நோவு பிடிக்க விட்டு வேடிக்கை பார்ப்பார்கள்? இந்தத் தடவை அவசரப்படவில்லை. உட்கார்ந்து, பாஸ்பேட், கதவு தட்டுகிற அத்தை, தூங்குவது, விழிப்பது என்று எல்லாம் சொன்னேன். மதினி பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஒனக்கு நெசமாவே சீக்குதான் வேணுமா?"

"ஆமா மதினி."

"அதுவும் நான் தொடவே கூடாது."

"தொடவே கூடாது."

"மொதல்லயே இப்படி வெளங்கச் சொல்ல மாட்டியா, ஏத்தா," என்றார். நான் சொன்னேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லவில்லை போலிருக்கிறது.

மழை பிடித்தது. நோய் வருமுன் ஒரு தடவை போய்ப் பறித்து வந்தேன். கோடு இல்லை, வெள்ளைத் தாள். என் கொடி தூங்குவதை முதல் தடவையாகப் பார்த்தேன். அதன்பிறகு மதினி தினமும் போன் செய்வார். "இன்னும் ஒண்ணும் வரல." மறுநாள், "தூறிக்கிட்டே இருக்கு. ஒண்ணும் வரல." ஆறாம் நாள் காலையில் போனை எடுத்ததும், "வந்துருச்சுத்தா," என்றார். நான் ஆய்வுக்கூடத்தில் கையைத் தட்டிக் குதித்துவிட்டேன். அந்தச் சத்தம் மதினிக்குக் கேட்டிருக்கும். போனை வைத்துவிட்டார்.

போய் இறங்கியபோது என் வரிசையில் இலைகளின் அடி வெள்ளையாக இருந்தது. மதினி பந்தலுக்குள் வரவில்லை. வெளியே தொட்டி ஓரமாக, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பறித்தேன். கோடு வந்தது. நோய்க்காக வந்த கோடு, எனக்கு அது ஒன்று போதும்போல இருந்தது. ஆனால் அது எப்போது அடங்குகிறது, எந்த நாளில் கொடி தோற்கிறது என்று பார்க்க இன்னும் இரண்டு வாரம் வேண்டும்.

"போதுமா? அடிச்சுரவா?" என்று மதினி கேட்டார்.

"இன்னும் ரெண்டு வாரம் மதினி."

"ரெண்டு வாரத்துல இதுல ஒண்ணும் மிஞ்சாது. நான் வாக்கப்பட்டு வந்த வருசம் என் கையால வச்ச கொடிக இது. நீ பாஸாகணும்னா இதுக்கு இப்படி ஆகணுமா?"

நாலு வருடம் படித்தவளுக்கு அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். செடி எப்படி ஆபத்தை உணர்கிறது என்பது பற்றி ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். எதிரில் நின்ற ஆளைப் பார்த்து, "ரெண்டு வாரம் மதினி" என்பதையே இன்னொரு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் தரையில் இலை அதிகமாகக் கிடந்தது. குலைகள் பழுப்பாகச் சுருங்கியிருந்தன. பக்கத்து வரிசைகள் நீலப் பொட்டுகளோடு பச்சையாக நிற்க, ஓரத்தில் என் ஆறு கொடிகள் மட்டும் எலும்பாகத் தெரிந்தன. பாதையில் போகிறவர்கள் நின்று, "என்னம்மா, அந்த வரிசைய விட்டுட்டீகளா?" என்று மதினியைக் கேட்பார்களாம். தோட்டத்தைப் பார்க்கத் தெரியாதவள் என்று ஊர் நினைத்தது. மதினி யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. இதை அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

கடைசி நாள் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தேன். மிச்சமிருந்த இலைகளில் கொடிக்கு ஆறு பறிக்க வேண்டும். ஒரு கொடியில் ஐந்துதான் இருந்தது. ஒவ்வொன்றாக வெட்டி நைட்ரஜனுக்குள் போட்டேன். தொட்டி ஓரத்தில் மதினி நின்றார். அவருக்குப் பின்னால் டிரம்மில் மருந்து கலக்கி வைத்திருந்தது, குழாய் மாட்டியிருந்தது. எப்போது எழுந்து கலக்கினார் என்று தெரியவில்லை.

கேனை மூடினேன். "போதும் மதினி," என்றேன்.

மோட்டார் ஓட ஆரம்பித்தது. நான் பந்தலை விட்டு வெளியே வரும்வரைகூட மதினி காத்திருக்கவில்லை.